பின்சாய்வுக் கோடு ஒழிப்பு வாரம்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்கு ரப்பர் வளையம் செய்யும் ஒரு கம்பெனியின் வாசலில், ஒரு செல்போனுக்கு மாலை போட்டார்கள். செல்போன் டிரைவர் பீட்டருடையது. அதன் திரையில் கீறல் விழுந்து இரண்டு வருடமாகிறது. ஆனால் முந்தின நாள் ராத்திரி அதற்குள் 'புஷ்பக்' இறங்கியிருந்தது என்பதால் அதற்கு அன்று மாலை, சந்தனம், குங்குமம் எல்லாம் கிடைத்தன.

புஷ்பக் என்பது கம்பெனி பஸ்களை வழிநடத்தப்போகும் செயலி. எந்த ஊரில், எந்த ஸ்டாப்பிங்கில், எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்பதை இனி அதுதான் சொல்லும். அதைக் கொண்டுவந்தவர் வரதன். விசிட்டிங் கார்டில் அவருக்கு 'துணைத் தலைவர், டிஜிட்டல் உருமாற்றம்' என்று போட்டிருந்தது. உருமாறுவதற்குக் கம்பெனியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு ஸ்லைடு வைத்திருப்பார் என்ற பயம்தான்.

"இது வெறும் ஆப் இல்ல. இது ஒரு திங்கிங் இன்ஜின். நம்மவிட நல்லா யோசிக்கும்," என்றார் வரதன், தேங்காய் உடைத்த கையைத் துடைத்துக்கொண்டே.

கற்கண்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற ஷைனிக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை விழுங்கினாள். அவள் டிரெய்னி. ஒரு வருட டிரெய்னிங் அந்த வாரத்தோடு முடிகிறது. வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் வரதன் சார் கம்ப்யூட்டரில் அவள் பெயருக்கு நேராக 'அங்கீகாரம்' என்று அமுக்கினால் அவள் நிரந்தரம். அமுக்காவிட்டால், பன்னிரண்டு மணி ஒரு நிமிடத்துக்கு அந்தப் பட்டியல் தானாக மூடிக்கொள்ளும். அவள் ஐடி கார்டை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு, சொந்த ஊரான வள்ளூருக்குப் போக வேண்டியதுதான். இதில் இன்னொரு சிக்கல், அவள் அம்மா கிரேஸ் ஏற்கெனவே சர்ச்சில், "எங்க ஷைனி பர்மனென்ட் ஆயிட்டா" என்று சாட்சி சொல்லி முடித்திருந்தாள். "ஆகலம்மா, இன்னும் அஞ்சு நாள் இருக்கு" என்றதற்கு, "விசுவாசம்னா அதாண்டி" என்று பதில் வந்தது.

புஷ்பக்குக்குத் தேவையான ஸ்டாப்பிங் பட்டியலை ஏற்றியது ஷைனி. அறுநூற்றுப் பன்னிரண்டு பேர், நாற்பத்தோரு ஸ்டாப்பிங். பட்டியல் வந்தது டிரான்ஸ்போர்ட் பரசுராமனிடமிருந்து. அதை எடுத்து, வரதன் சார் ஏற்பாடு செய்த வெளிக் கம்பெனிக்காரர்களின் சின்ன புரோகிராம் ஒன்றில் போட்டால், அது புஷ்பக்குக்குப் புரிகிற மாதிரி மாற்றி அனுப்பிவிடும். அந்தப் புரோகிராமை யாரும் திறந்து பார்க்கக் கூடாது, அது ரகசிய அல்காரிதம் என்று எழுத்துமூலம் எச்சரிக்கை வந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை முதல் ஷிஃப்டில் பாதி மெஷின்கள் ஓடவில்லை. ஓட்ட ஆள் இல்லை.

எட்டே காலுக்கு ஷேர் ஆட்டோக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டில் வந்து நின்றன. முதலாவதிலிருந்து இறங்கியவள் இளமதி. பெரியபாளையம் கோயில் வளைவு அருகே ஏறுகிறவள், மோல்டிங் பிரிவு. இறங்கியதும் நேராகப் பீட்டரின் பஸ்ஸைத் தேடிப் போனாள்.

"யோவ் பீட்டரு! நான் பஸ்ஸ நிறுத்தச் சொல்லிக் கையக் காட்டுறேன், நீ திருப்பிக் கையக் காட்டிக்கினு போற? நான் இன்னா உன்னை வழியனுப்பவா வந்து நின்னேன்?"

"நானா நிறுத்த மாட்டேன்றேன்? சர்க்குலர் படிச்சியா நீ?" பீட்டர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து விரித்தான். "ஓட்டுநர்கள் சொந்த முடிவு எடுக்கலாகாது. செயலி காட்டாத இடத்தில் நிறுத்தலாகாது. வரதன் சார் கையெழுத்து. பதினாலு வருசமா பஸ் ஓட்டுறேன், என்னை யோசிக்காதேன்னு எழுதிக் கொடுத்தது இதான் மொத தபா. எவ்ளோ நிம்மதியா கீது தெரியுமா?"

"உன் நிம்மதியில ஆட்டோக்காரன் வாழறான்."

அத்திப்பட்டு நியூ நகர்க்காரர்களுக்கும் அதே கதி. திருவள்ளூர் ரயில்வே கேட், பொன்னேரி பஸ் ஸ்டாண்ட், எல்லாம் போச்சு. ஆனால் அதே ஊர்களில் ஸ்கூல் ஸ்டாப்பிங், மார்க்கெட் ஸ்டாப்பிங் ஆட்கள் ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்து, நாஷ்டாவும் முடித்திருந்தார்கள். பீட்டர் போனைத் திறந்து ஷைனியிடம் காட்டினான்.

"இதப் பாரும்மா. 'us stand'னு போட்டுக்கீது. அமெரிக்காவுக்கா போறது? டீசல் பத்தாதே."

ஷைனி பார்த்தாள். temple arch இருக்க வேண்டிய இடத்தில் 'emple arch'. new nagar 'ew nagar' ஆகியிருந்தது. railway gate, 'ailway gate'. ஏதோ எலி வந்து ஒவ்வொரு பெயரிலும் முதல் எழுத்தை மட்டும் கடித்துக்கொண்டு போனது போல. இல்லாத பெயரை வரைபடத்தில் தேடிப் பார்த்து, கிடைக்காமல், புஷ்பக் அந்த ஸ்டாப்பிங்கையே தூக்கிக் கடாசியிருந்தது.

அவள் நேராக டிரான்ஸ்போர்ட் கேபினுக்குப் போனாள்.

"அண்ணே, நீங்க லிஸ்ட் அடிக்கறத நான் ஒரு வாட்டி பாக்கணும்."

"இன்னாமா பாக்கறது? ஊரு, கோடு, ஸ்டாப்பிங்கு. பத்து வருசமா இப்படித்தான்," என்றார் பரசுராமன், அடித்துக் காட்டியபடியே. திரையில் விழுந்தது:

periyapalayam\temple arch

"அண்ணே, இது சாயறது அந்தப் பக்கம். நீங்க போட வேண்டியது இந்தப் பக்கம் சாயற கோடு."

"அது வேலை செய்யாதும்மா. புதுசா கம்ப்யூட்டர் வெச்ச அன்னிக்கே அந்தக் கட்டை மேல டீ கொட்டிட்டேன். அப்பால இந்தக் கோடுதான். கோடு எந்தப் பக்கம் சாஞ்சா இன்னா? பஸ்ஸு சாயாம போனா சரி."

அந்த விசையில்தான் கேள்விக்குறியும் இருக்கிறது என்பதை ஷைனி கவனித்தாள். ஆக, பரசுராமன் பத்து வருடமாக எழுத்தில் யாரையும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. கம்பெனியில் அவருக்கு நல்ல பெயர் இருந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

விஷயம் அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. மீஞ்சூர் கம்ப்யூட்டர் சென்டரில் படித்த முதல் மாதப் பாடம்தான். அந்தப் பின்சாய்வுக் கோடு கம்ப்யூட்டருக்கு வெறும் கோடு அல்ல, ஒரு கண்ஜாடை. 'எனக்கு அடுத்து வருகிற எழுத்தை எழுத்தாக எடுத்துக்கொள்ளாதே, அது வேறு விஷயம்' என்று அர்த்தம். கோட்டுக்குப் பின்னால் t வந்தால் ஒரு நீள இடைவெளி விடும். n வந்தால் அடுத்த வரிக்குப் போய்விடும். r, b இரண்டுக்கும் அதே போல வேறு வேலைகள் உண்டு. s, m போன்றவற்றுக்கு அப்படி ஒரு வேலையும் இல்லை, அதனால்தான் ஸ்கூலும் மார்க்கெட்டும் பிழைத்தன. நிஜமாகவே ஒரு கோடு வேண்டும் என்றால் இரண்டு கோடு போட்டுச் சொல்ல வேண்டும். அதைப் பரசுராமன் போட வேண்டியதில்லை. நடுவில் இருக்கும் புரோகிராம் போட்டிருக்க வேண்டும்.

எச்சரிக்கையை மனதில் ஓர் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு ரகசிய அல்காரிதத்தைத் திறந்தாள். மொத்தம் பதினோரு வரி. அதில் மூன்று வரி, எழுதியவர்களின் கம்பெனி பெயரும் விலாசமும். மீதி எட்டு வரியும் பரசுராமன் அடித்ததை அப்படியே எடுத்து, இரண்டு பக்கமும் மேற்கோள் குறி ஒட்டி, அனுப்பிவைத்துக்கொண்டிருந்தன. இதைவிட யோசனையாக அந்தப் பக்கம் டீக்கடையில் பார்சல் கட்டுவார்கள்.

மூன்று மணிக்கு வரதன் சாரின் அறையில் நின்று விளக்கினாள். "அந்த பேக்ஸ்லாஷ்தான் சார் பிரச்சினை. புரோகிராம்ல ஒரே ஒரு வரி சேத்து, ஒரு கோட்ட ரெண்டு கோடாக்கிட்டா..."

"பேக்ஸ்லாஷ்," என்றார் வரதன். பின்னால் வந்தது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. மெதுவாக எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். பெரிய முடிவுகளை அவர் ஜன்னலருகேதான் எடுப்பார். "ஆக, எதிரி யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

"எதிரின்னு இல்ல சார். ஒரே வரி..."

"புரோகிராம தொடக் கூடாதும்மா. அது அவங்க ஐ.பி., அறிவுச் சொத்து. இது டெக்னாலஜி பிராப்ளமே இல்ல, பிஹேவியர் பிராப்ளம். ஆமா, டேட்டாவ ஏத்தினது யாரு?"

"நான்தான் சார்."

"ம்," என்றார் வரதன்.

மறுநாள் காலை ஷைனி பார்த்தபோது நிரந்தரமாக்கும் பட்டியலில் அவள் பெயருக்கு நேராக 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று இருந்தது.

புதன்கிழமை எட்டுப் பேர் கொண்ட மூலகாரணக் குழு கூடியது. பலகையில், காரணங்களை வரிசைப்படுத்த, ஒரு மீன் எலும்புக்கூட்டை வரைந்தார்கள். இரண்டு மணி நேரமும் எட்டு பிரியாணியும் செலவான பிறகு மீனின் தலையில் 'மனித மனப்பான்மை' என்று எழுதிவிட்டுக் கலைந்தார்கள். மாலையில் சர்க்குலர் வந்தது: இந்த வாரம் பின்சாய்வுக் கோடு ஒழிப்பு வாரமாகக் கடைப்பிடிக்கப்படும். அலுவலகத்திலுள்ள எல்லா விசைப்பலகைகளிலிருந்தும் அந்த விசை அகற்றப்படும்.

அகற்றும் பொறுப்பு ஐ.டி. அன்புசெல்வனுக்கு. வியாழக்கிழமை காலை ஒரு ஸ்க்ரூ டிரைவரும் காலி பிஸ்கட் டப்பாவுமாகக் கிளம்பினான்.

"மேல மூடிய மட்டும் எடுத்தா கீழ இருக்கற ரப்பர அமுக்கிடுவாங்களே சார்," என்று வரதனிடம் ஒரு சந்தேகம் கேட்டான். கேட்டிருக்கக் கூடாது.

"ரப்பரையும் எடு. ஓட்டையில பைப் அடைக்கிற பசைய வெச்சு மூடு. மாற்றம் என்னோட லேப்டாப்லேருந்து ஆரம்பிக்கட்டும். இரு, போட்டோகிராபர் வரட்டும்."

போட்டோ எடுத்தார்கள். வரதன் தன் லேப்டாப்பைக் கையிலேந்தி, ஒரு பல் போன வாய் மாதிரி இருந்த இடத்தைச் சுட்டிக்காட்டிச் சிரிக்கும் போட்டோ. மாலைக்குள் அறுபத்து மூன்று விசைகள் பிஸ்கட் டப்பாவில் சேர்ந்தன. டப்பாவை ஸ்டோரில் ஒப்படைத்து ரசீதும் வாங்கினான் அன்புசெல்வன். பரசுராமன் கேபினில் மட்டும் ஒரு தகராறு.

"அதையும் புடுங்கிட்டா நான் எந்தக் கோட்ட போடறது? வெரல வெச்சுக் கோடு கிழிக்கவா?"

"நீங்க புதுசா முழு லிஸ்ட்டும் முன்சாய்வுக் கோட்டோட அடிக்கணுமாம்ணே."

"அந்தக் கட்டைதான் வேலை செய்யலன்றேனே! பேஜாரு புடிச்ச ஆளுங்கப்பா."

ஆக, புதுப் பட்டியல் வரவில்லை. பழையதில் பஸ் நிற்கவில்லை. கோயில் வளைவில் கையைக் காட்டி அலுத்துப்போன இளமதி, வியாழக்கிழமை பஸ் கடந்தபோது பீட்டருக்குப் பறக்கும் முத்தம் ஒன்று கொடுத்ததாகவும், அதில் அவன் அடுத்த ஸ்டாப்பிங்கையும் தவறவிட்டதாகவும் கேன்டீனில் பேச்சு.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு, நிர்வாக இயக்குநர் பங்கஜவல்லி மேடம் புஷ்பக்கின் சாதனைகளைப் பார்க்கத் திருவள்ளூரிலிருந்து வந்தார். அதிகம் பேசாதவர். பதில் முடியும்வரை கண்ணைச் சிமிட்டாமல் கேட்பவர். அதனால் அவரிடம் நீளமாகப் பதில் சொல்ல யாருக்கும் தைரியம் வராது.

வரதன் லேப்டாப்பை புரொஜக்டரில் மாட்டினார். சுவர் முழுக்க லாகின் பக்கம் விழுந்தது. கம்பெனி விதிப்படி, உள்ளே போகிறவர் முதலில் கம்பெனி பெயரை அடிக்க வேண்டும். பிறகு ஒரு பின்சாய்வுக் கோடு. பிறகு தன் பெயர்.

வரதன் கம்பெனி பெயரை அடித்தார். அவருடைய வலது சுண்டுவிரல் பழக்கத்தில் மேலே போனது. பசையில் இடித்துக்கொண்டு நின்றது.

அதுவரை இது வெளியே தெரியவில்லை. விசைகளைப் பிடுங்கிய பிறகு அநேகம் பேர் கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. அணைத்துவிட்டுக் காலையில் உள்ளே போக முடியாதவர்கள் வேலை நின்றுபோனதில் நிம்மதியாகி வெளியே சொல்லவில்லை.

"ஒரு சின்ன டெக்னிக்கல்..." என்றார் வரதன். அன்புசெல்வனைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, "கீய கொண்டுவா" என்றார்.

"ஸ்டோர்ல இருக்கு சார். பொருள் கேட்டு இன்டென்ட் போட்டாதான் குடுப்பாங்க."

"போடு!"

"சிஸ்டத்துலதான் சார் போடணும். சிஸ்டத்துக்குள்ள போவணும்னா..." அன்புசெல்வன் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவும் இல்லை. "கொண்டாந்தாலும் பசை காஞ்சிடுச்சு சார்."

மேடம் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மணி பதினொன்று நாற்பது.

"மீஞ்சூர் பொண்ணு ஒண்ணு இருக்கே, அதக் கேக்கலாம் சார்," என்று அன்புசெல்வன் காதோடு சொன்னான். "வள்ளூர்டா," என்று திருத்திக்கொண்டே, அவளைக் கூட்டிவர வரதன் அவனை விரட்டினார்.

ஷைனி வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். லேப்டாப்பின் வலது ஓரத்தில் இருந்த எண் விசைகளைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது.

"முடியும் சார். ஆல்ட்ட அமுக்கிக்கினே தொண்ணூத்தி ரெண்டு அடிச்சா கோடு வந்துடும். ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள ஒரு நம்பர் உண்டு."

"அடிம்மா, அடி."

ஷைனி ஆல்ட்டை அமுக்கினாள். ஒன்பதை அடித்தாள். இரண்டை அடிக்கவில்லை.

"என்னாச்சு?" என்றார் வரதன், உதடு அசையாமல்.

"ஒண்ணுமில்ல சார்," என்றாள் ஷைனி, அவளும் உதடு அசையாமல். "பன்னண்டு மணிக்குப் பர்மனென்ட் லிஸ்ட் மூடிடும். உள்ள போனதும் மொதல்ல அதத் தொறந்துடலாமா சார்?"

"இப்பவா? மேடம் உக்காந்திருக்காங்க."

"ஆமா சார். உக்காந்திருக்காங்க."

வரதன் அவளைப் பார்த்தார். ஆல்ட் மேல் இருந்த கட்டைவிரலைப் பார்த்தார். அந்தப் பக்கம் சிமிட்டாத இரண்டு கண்களைப் பார்த்தார். ஒரு வாரத்தில் முதல்முறையாக, ஜன்னலருகே போகாமலேயே ஒரு முடிவெடுத்தார்.

"தொறந்துடலாம்மா."

இரண்டை அடித்தாள். விரலை எடுத்ததும் சுவரில் ஒரு பின்சாய்வுக் கோடு ஆளுயரத்துக்குத் தோன்றியது. ஒழிப்பு வாரத்தின் மூன்றாம் நாளில் அது அங்கே நின்ற தோரணையைப் பார்த்து அன்புசெல்வன் கைதட்டப் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

வரதன் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தார். பட்டியல் திறந்தது. அது சுவரில் திறக்கிறது என்பதை வரதன் யோசித்திருக்கவில்லை.

"ஷைனி. நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. காரணம், தரவுப் பிழை," என்று மேடம் சுவரைப் படித்தார். "யார் ஷைனி?"

"நான்தான் மேடம்."

"என்ன பிழை பண்ணினே?"

வரதன் வாயைத் திறந்தார். மேடம் அவர் பக்கம் திரும்பவில்லை. பேசிக் காட்டுவதைவிடச் செய்து காட்டுவதே சுலபம் என்று ஷைனிக்குப் பட்டது. பதினோரு வரியையும் சுவரில் விரித்தாள். கோயில் வளைவு எப்படி 'emple arch' ஆனது என்பதை இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். பிறகு பன்னிரண்டாவதாக ஒரு வரியைச் சேர்க்கத் தொடங்கினாள். ஆல்ட், தொண்ணூற்று இரண்டு. மறுபடி ஆல்ட், தொண்ணூற்று இரண்டு. மறுபடியும்.

"ஆறு கோடு போட்டியே, எதுக்கு?" என்றார் மேடம்.

"புரோகிராம்ல ஒரு கோடுன்னு சொல்றதுக்கே ரெண்டு கோடு போடணும் மேடம். ரெண்டு கோடுன்னு சொல்ல நாலு. ஒண்ண ரெண்டாக்குன்னு சொல்றேன், அதுல ஆறு வந்துடுது."

"ஒன்றைச் சொல்ல இரண்டு," என்றார் மேடம். வரதனைப் பார்த்தார். "இங்கே வழக்கமா எட்டுப் பேர் தேவைப்படும்."

ஷைனி புரோகிராமை ஓட்டினாள். வரைபடத்தில் பெரியபாளையம் பக்கம் ஒரு பச்சைப் புள்ளி முளைத்தது. அத்திப்பட்டில் ஒன்று, பொன்னேரியில் ஒன்று. தொலைந்துபோன ஸ்டாப்பிங்கெல்லாம் வீடு திரும்புகிற மாதிரி ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. வெளியே ஷெட்டில் படுத்திருந்த பீட்டரின் போன் கிணுகிணுத்திருக்க வேண்டும், "யோவ், கோயில் வளைவு வந்துருச்சுய்யா!" என்று அவன் கத்தியது கண்ணாடி தாண்டிக் கேட்டது.

மணி பதினொன்று ஐம்பத்தேழு. 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' பக்கத்தை ஷைனி மறுபடி சுவரில் விரித்திருந்தாள். வரதன் தொண்டையைச் செருமிக்கொண்டு, மவுஸைத் தன் பக்கம் இழுத்து, 'அங்கீகாரம்' என்பதை அமுக்கினார். ஒன்றுக்கு இரண்டு தடவையாக.

"பார்த்தீங்களா மேடம்," என்றார் உடனே. அவருக்கு மூச்சு திரும்பியிருந்தது. "இதைத்தான் நான் முதல்லேருந்து சொல்லிட்டிருக்கேன். டீமுக்கு இடம் குடுத்தா தானா வளருவாங்க. இதுக்கு நாம ஒரு பேரு வெச்சிடலாம். டபுள் லைன் இனிஷியேட்டிவ். ஒரு ஸ்லைடு இருக்கு..."

ஷைனி யாருக்கும் தெரியாமல் வெளியே நழுவினாள். அம்மா சர்ச்சில் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிட்டது. சரியாக ஐந்து நாள் தாமதம், அவ்வளவுதான். வராந்தாவில் கால் தரையில் படுகிறதா என்று அவளுக்கே நிச்சயமில்லை. பாதி தூரம் போயிருப்பாள்.

உள்ளே, ஸ்லைடு இருந்த பென் டிரைவைத் தேடி வரதன் பையைத் தடவிக்கொண்டிருந்த இரண்டாவது நிமிடத்தில், புரொஜக்டரில் மாட்டும் லேப்டாப்புகளுக்கென்று பாதுகாப்புக்காக அவரே போட்ட விதிப்படி லேப்டாப் தன்னைத் தானே பூட்டிக்கொண்டது. சுவரில் மறுபடி லாகின் பக்கம்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு வருடமாக 'ஏம்மா' என்று மட்டுமே கூப்பிட்ட குரல், வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து வந்தது.

"ஷைனி மேடம்! ஒரு நிமிஷம்... ஷைனி மேடம்!"

ஷைனி உடனே திரும்பவில்லை. நிரந்தர ஊழியர்கள் மெதுவாகத்தான் திரும்புவார்கள்.